பார்க்காத வாரம்

மின்னஞ்சலில் கடிதம் அனுப்ப ஆரம்பித்தபோது, அதற்கான இணையதளம் என்னிடம் நாலே கேள்விகள் கேட்டது. கடிதத்துக்கு என்ன பெயர், எதைப் பற்றி, யார் எழுதுகிறார், எத்தனை நாளுக்கு ஒரு முறை. முதல் மூன்றை ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிட்டேன். நாலாவதற்கு மூன்று வாரம் யோசித்தேன். யோசித்தும் தப்பாகத்தான் நிரப்பினேன்.

தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையின் லேபில் எனக்கு வேலை. பாய்லருக்குப் போகிற தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பிடித்துவந்து சோதித்து, ரீடிங்கைத் தாளில் எழுத வேண்டும். பதினாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. எதை எத்தனை மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று லேப் சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துப் பார்த்தே, இத்தனைக்கு இத்தனை தடவை என்று ஒன்றை முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நம்புகிற புத்தி எனக்கு வந்துவிட்டது. வீட்டில் ஃபில்டர் கழுவுவதற்குக்கூடக் கிழமை வைத்திருப்பேன்.

கடிதம் ஒன்றும் பெரிய இலக்கியம் இல்லை. எங்கள் பக்கத்துச் சேதி, அவ்வளவுதான். பொன்னேரியில் நாற்று விட்டிருக்கிறார்களா, புதுவாயல் கூட்டுரோட்டில் எந்தக் கடை மூடி எந்தக் கடை திறந்தது, மழைக்கு ரோடு எங்கே பிய்ந்தது, காலை வண்டியில் யார் யாரோடு சண்டை போட்டார்கள். இங்கே பிறந்து பெங்களூருக்கோ துபாய்க்கோ போய்விட்டவர்கள்தான் முக்கால்வாசி வாசகர்கள். வாட்ஸ்அப்பில்தான் முதலில் ஆரம்பித்தேன். அங்கே நான் ஒரு பத்தி எழுதினால் அதற்குக் கீழே நாற்பது குட்மார்னிங் படம் வந்து விழும். கோபம் வந்து, மின்னஞ்சலுக்கு மாறினேன்.

முதலில் தினமும் எழுதுவது என்று ஒரு வெறி. என் கணவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருட்டாலையில் வேலை செய்கிறார். அதிகம் பேச மாட்டார், பேசினால் குத்தும்.

"தினம் எழுதப் போறியா? தெனமும் இன்னா இருக்குது இங்க, எழுதறதுக்கு?" என்றார்.

ஒன்பது நாள் எழுதினேன். பத்தாவது நாள், கேண்டீன் சாம்பாரைப் பற்றி இரண்டாவது தடவையாக எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சாம்பார் ஆறிப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அவருடைய யோசனை மாதம் ஒன்று. எனக்கு அது பிடிக்கவில்லை. அறுப்பு நடக்கிறது என்று நான் எழுதி அனுப்புவதற்குள் அடுத்த நடவே வந்துவிடும். அதோடு, மாதத்துக்கு ஒரு தடவை வருகிறவளை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள் என்கிற பயமும் இருந்தது. அதை அப்போது நான் ஒப்புக்கொள்ளவில்லை.

கடைசியில் வாரம் ஒன்று, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி என்று நிரப்பினேன். அதற்கப்புறம் ரொம்ப நாள் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை. ஜுரத்தில் எழுதினேன். மாமியார் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தபோதும் எழுதினேன். எங்கே போனாலும் இதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்வேன். என்ன எழுதினேன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

கேட்காரர் கடிதத்துக்குள் வந்தது நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ. பொன்னேரியிலிருந்து எங்கள் கம்பெனி பஸ் புதுவாயல் தாண்டிப் போகும்போது, சர்வீஸ் ரோட்டில் ஒரு பெரிய குடோன் இருக்கிறது. அதன் கேட்டில் ஒரு செக்யூரிட்டி. ஐம்பத்தைந்து அறுபது வயதிருக்கும், உடம்பெல்லாம் வெயிலில் காய்ந்த நிறம். ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர் என்று எங்கள் டிரைவர் சொல்லியிருந்தார். எந்தக் கம்பெனி பஸ் போனாலும் எழுந்து நின்று வலது கையைத் தலைக்கு மேலே தூக்குவார். அதை சல்யூட் என்றும் சொல்ல முடியாது. கரையில் நிற்பவர்கள் படகில் போகிறவர்களுக்குத் தூக்குவார்களே, அந்த மாதிரி. முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் பஸ்ஸில் பாதிப் பேர் பதிலுக்குக் கை தூக்க ஆரம்பித்தார்கள்.

அதை எழுதினேன். ஊரை விட்டுப் போனவர்களுக்கு அது என்னவோ ரொம்பப் பிடித்துவிட்டது. 'கேட்காரர் எப்படி இருக்கிறார்' என்று பதில் போட்டார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரி அவர்தான். புதுச் செருப்பு போட்டிருந்தார். தலைக்குத் துண்டு கட்டியிருந்தார். ஒரு நாய்க்குட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. எழுத ஒன்றும் கிடைக்காத வாரத்தில், 'கேட்காரர் வழக்கம் போல கை தூக்கினார்' என்று போட்டு முடிப்பேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஒரு நாளும் பஸ்ஸை விட்டு இறங்கி அவரிடம் பேசியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே வருஷம் எங்கள் லேபில் என்னோடு வேலை பார்த்த ஒரு சிநேகிதி, நாலு மணி ரீடிங்கை இரண்டு மணிக்கே எழுதி வைத்துவிட்டாள். தண்ணீரைத் தொடவே இல்லை. எல்லா நாளும் வருகிற நம்பர்தானே என்று எழுதியிருக்கிறாள். தாளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டேன். மேனேஜரிடமும் சொன்னேன். அவளைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நான் செய்தது சரி என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அன்றைக்கு இருந்த துணிச்சலோடு சொல்ல முடியாது.

அந்த வருஷ மழையில் புதுவாயல் சர்வீஸ் ரோட்டில் முட்டியளவு தண்ணீர் நின்றுவிட்டது. புதன்கிழமையிலிருந்து கம்பெனி பஸ் வரவில்லை. பொன்னேரியில் ரயில் ஏறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கினால் அங்கிருந்து வேன் என்று ஏற்பாடு. முதல் வாரம் பாதகமில்லை, திங்களும் செவ்வாயும் அவரைப் பார்த்திருந்தேன். அடுத்த வாரம் முழுக்க ரயில்தான். கேட் பக்கமே நான் போகவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு லேபில் உட்கார்ந்து கடிதத்தை எழுதினேன். மழையைப் பற்றி எழுதினேன், வயல் மூழ்கியதைப் பற்றி எழுதினேன், ரயில் கூட்டத்தைப் பற்றி எழுதினேன். கடைசி வரிக்கு வந்தபோது கை ஒரு நொடிகூட நிற்கவில்லை. 'இத்தனை மழையிலும் கேட்காரர் வழக்கம் போல கை தூக்கினார்.' எழுதிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போனேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை தண்ணீர் வடிந்து பஸ் ஓட ஆரம்பித்தது. கேட்டில் வேறு ஒரு ஆள் நாற்காலியில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். நினைத்தது மட்டும் இல்லை. வியாழக்கிழமை மதியம் 'கேட்காரர் லீவில் இருக்கிறார்' என்று வரியை மனதுக்குள் தயார் செய்துகொண்டிருந்தபோதுதான் அந்த மெயில் வந்தது.

'அக்கா வணக்கம். நீங்க எழுதுற கேட்காரர் எங்க நைனா. நான் கத்தார்ல வெல்டிங் வேலையில இருக்கேன். உங்க லெட்டர் வாராவாரம் படிப்பேன். நைனா செவ்வாய்க்கிழமை தவறிட்டார். நேத்துதான் ஊருக்கு வந்தேன். எல்லாம் முடிஞ்சி போச்சி. போன வெள்ளிக்கிழமை அவர் கை தூக்கினார்னு போட்டிருந்தீங்க. வீட்டுல, அவர் அதுக்கு முந்தின திங்கக்கிழமையில இருந்தே ஆஸ்பத்திரியில இருந்தார்னு சொல்றாங்க. நீங்க எந்த நாள், எத்தனை மணிக்குப் பாத்தீங்கன்னு சொன்னா நல்லா இருக்கும். சும்மா தெரிஞ்சிக்கத்தான்.'

நின்றபடியே நாலு தடவை படித்தேன். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். இரண்டு மணிக்குத் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும் என்று ஞாபகம் வந்து, போய்ப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். முதலில் நான் எழுதியது பொய். 'புதன்கிழமை காலை ஏழே காலுக்குப் பார்த்தேன் தம்பி, நன்றாகத்தான் இருந்தார்' என்று எழுதினேன். எழுத எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது. அவனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நான் பார்த்தேன் என்றால், ஆஸ்பத்திரியில் கூடவே இருந்த அவன் வீட்டார் பொய் சொல்கிறார்கள் என்று ஆகிவிடும். அழித்துவிட்டு, 'நேரில் பார்த்துச் சொல்கிறேன்' என்று மட்டும் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கடிதம் போகவில்லை. என் கணவர் மணியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி ஸ்டேஷனில் சந்தித்தோம். முப்பது வயது இருக்கும். மொட்டை அடித்திருந்தான். பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ வாங்கி வரட்டுமா என்று அவன்தான் என்னைக் கேட்டான். வேண்டாம் என்றேன். தள்ளிப் போட்டால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்ததால் உடனே சொல்லிவிட்டேன்.

"தம்பி, நான் அந்த வாரம் உங்க நைனாவ பாக்கல. வாரம் பூரா ரயில்லதான் போனேன். கேட்டுப் பக்கமே வரல. பாக்காமதான் எழுதனேன்."

அவன் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்க்கா. ஊட்ல சொன்னதுதான் நெசம்னு தெரியும். ஒருவேள நீங்க பாத்திருந்தா, ஒரு நாளாவது எழுந்து போயிருக்காருன்னு இருக்கும் இல்ல. அதான் கேட்டேன்."

அப்புறம் அவனே சொன்னான். போனில் அம்மா சும்மா சளி என்றுதான் சொல்லியிருக்கிறாள். அப்பா பேசும்போது குரல் சரியில்லை. கேட்டால், வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, எனக்கு ஒன்றும் இல்லை என்றிருக்கிறார்.

"லீவ் லெட்டர் எழுதி பாக்கெட்ல வெச்சிக்கினு இருந்தேன்க்கா. வெள்ளிக்கெழம சாய்ங்காலம் ஃபோர்மேன் ரூமுக்குப் போய் குடுக்கலாம்னு கெளம்பனேன். அப்போ உங்க மெயில் வந்துச்சு. கை தூக்கனாருன்னு போட்டிருந்துச்சு. சரி, டூட்டிக்குப் போய்க்கினுதானே இருக்காரு, நாமதான் பேஜாரு பண்ணிக்கிறோம்னு லெட்டர கிழிச்சிப் போட்டுட்டேன்."

என்மேல் கோபமாக ஒரு வார்த்தைகூட அவன் பேசவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை வந்தது. அவன் முன்னால் உட்கார்ந்து அழ எனக்கு என்ன உரிமை என்று அடக்கிக்கொண்டேன். மன்னித்துவிடு என்றேன். அவன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான்.

என் கடிதங்கள் எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைத்திருந்தான். அவன் ஊரில் இல்லாத காலத்தில் அவன் அப்பா என்னென்ன செய்துகொண்டிருந்தார் என்பதற்கு அவனிடம் இருந்தது இவைதான். போனில் அவர் எப்போதும் 'சாப்டியா, வெச்சிடட்டுமா' என்ற இரண்டே வார்த்தைதான் பேசுவார் என்றான்.

"இதுல எதெல்லாம் பாத்துட்டு எழுதனீங்கன்னு சொல்லுங்கக்கா. அத மட்டும் வெச்சிக்கிறேன்."

ஒவ்வொன்றாகத் திறந்து கடைசி வரியை மட்டும் படித்தான்.

"புதுச் செருப்பு போட்டிருந்தார்."

"பாத்தேன். பழுப்பு கலரு. வார் பெருசா இருந்திச்சு."

"நான் குடுத்தனுப்பனது" என்றான். அடுத்ததைத் திறந்தான். "நாய்க்குட்டி?"

"பாத்தேன். காது ஒன்னு மடங்கியிருக்கும்."

"வழக்கம் போல கை தூக்கினார்."

நான் பேசவில்லை. அவன் அழித்தான். அப்படி ஆறேழு போன பிறகு, வழக்கம் போல என்று ஆரம்பித்தால் என் முகத்தைப் பார்க்காமலே அழித்தான். அதில் சிலவற்றை நான் உண்மையிலேயே பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பேன். எவை என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்ததற்கும் பார்க்காததற்கும் ஒரே வார்த்தையைப் போட்டுவைத்தவள் நான்தானே. ரயில் ஒன்று வந்து நின்று போனது. இன்னொன்றும் வந்து போனது. முடிந்தபோது பாதிக்குக் கொஞ்சம் மேலே மிஞ்சியிருந்தது.

கடிதத்தையே நிறுத்திவிடப் போகிறேன் என்று அவனிடம் சொன்னேன்.

"நிறுத்தாதீங்கோ" என்றான். "நான் பத்து நாள்ல திரும்பப் போறேன். எங்கம்மா சனிக்கெழமயில பொன்னேரி மார்க்கெட்ல நண்டு விக்கிறாங்க. போன்ல கேட்டா அவங்களும் நல்லாத்தான் கீறேன்னு சொல்வாங்க. நீங்க அந்தப் பக்கம் போனா, பாத்தா, எழுதுங்கோ. பாக்கலன்னா எழுதாதீங்கோ. லெட்டர் வரலன்னா நானே விசாரிச்சிக்கிறேன்."

வாசகர்களுக்கு நடந்ததை எழுதினேன். பையனைப் பற்றி எழுதவில்லை. அந்த வெள்ளிக்கிழமை வரி பொய் என்றும், அவர் இறந்துவிட்டார் என்றும், இதற்கு முன்பும் சில வரிகள் பார்க்காமல் எழுதியவை என்றும் எழுதினேன். சிலர் விலகிப் போனார்கள். பலர், இதெல்லாம் ஒரு விஷயமா என்று தேற்றிப் பதில் போட்டார்கள். அந்தத் தேறுதல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பேக்கிங் பிரிவுக்குப் போய், என் பழைய சிநேகிதியிடமும் ஒரு நாள் இதைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, டேப் ஒட்டுவதை நிறுத்தாமலே, "இப்போ வந்து சொல்றியே" என்றாள். இணையதளத்தில் எத்தனை நாளுக்கு ஒரு முறை என்ற கட்டத்தில் இருந்ததை அழித்து, காலியாக விட்டேன். பார்த்தால் எழுதுவது, பார்க்காவிட்டால் இல்லை. இரண்டு வாரம் ஒன்றும் போகாது, அப்புறம் ஒரே வாரத்தில் இரண்டு போகும். சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நண்டு விற்கிற அம்மாவைக் கண்டுபிடிக்கக் கஷ்டம் இருக்கவில்லை. மகன் என்னைப் பற்றிச் சொல்லிவைத்திருந்தான். குண்டான் நிறைய நண்டோடு உட்கார்ந்து, வருகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மனுஷி. என்னிடம் மட்டும் அதிகம் பேசவில்லை. இரண்டு சனிக்கிழமை போய்ப் பார்த்து, பார்த்ததை எழுதினேன். மூன்றாவது சனிக்கிழமை ஓவர்டைம். நாலாவது சனிக்கிழமை மகளுக்குப் பரீட்சை. போகவில்லை, எழுதவில்லை. நேர்மையாக இருக்கிறேன் என்றுதான் அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது சனிக்கிழமை போனபோது என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். வாடிக்கைக்காரர் ஒருவருக்கு நண்டை அள்ளிப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"எம்மா, ரெண்டு வாரமா நீ ஒன்னும் போடலியாமே. அவன் பொழுதுக்கும் போன் பண்றான். மூஞ்சியக் காட்டுன்றான், எழுந்து நடந்து காட்டுன்றான். டிக்கெட்டு போடறேன்றான். நெசமாவே எனக்கு ஒன்னும் இல்லன்னா நம்ப மாட்றான். நீ வந்தா இன்னா வராட்டி இன்னா, அம்மா நல்லா கீறாங்கன்னு வாரத்துக்கு ஒரு வரி போட்டு உட்டுடு. உனக்கு இன்னா குறைஞ்சிடப் போவுது?"

அவளும் அவள் புருஷனும் சேர்ந்து மகனிடம் சொன்ன பொய்யைத்தான் நான் தெரியாமல் உறுதி செய்திருந்தேன். இப்போது தெரிந்தே அதைச் செய்யச் சொல்கிறாள் என்று தோன்றியது.

"பாக்காம எழுத மாட்டேம்மா" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். பின்னால் யாரோ விலை கேட்டார்கள். அவள் திரும்பவில்லை.

"அப்போ வாராவாரம் வந்து பாரு" என்றாள்.